வலமிருந்து முதல் கட்டம்

வகீஹ் ஷஹாத்தாவுக்கு எங்கள் அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் கால்புள்ளி. வைத்தது நான்தான். அது அவருக்கும் தெரியும். பதினான்கு வருடமாகத் தெரியாதவர் மாதிரியே நடந்துகொண்டார்.

அலெக்ஸாந்திரியா துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி எங்களுடையது. கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்து வெளியே எடுத்துக் கொடுப்பது வேலை. வேலை என்று சொல்வதே அதிகம், எல்லாம் தாள்தான். ஒரு தாளில் ஓர் எண் தவறினால் உருளைக்கிழங்கு விதை கரையில் கிடந்து முளைவிடும். அதனால் வகீஹ் எங்கள் தாள்களை எலும்புள்ள மீனைத் தின்பவர் போல மெதுவாகப் படிப்பார். ஏதாவது அகப்பட்டால் அன்று நமக்கு நல்ல நாள் இல்லை. நான் கோப்புப் பிரிவு. ஒரே கடிதத்தை ஏழு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். ஏழாவது முறை நான் அதை அவர் மேஜையில் வைக்கவில்லை, எறிந்தேன். அவர் குனிந்து எடுத்து, "இப்ப சரியா இருக்கு மேடம் இனாஸ்," என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்.

"சுங்க டிக்ளரேஷன்ல தப்பு இருந்தா, பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க. அது திருத்தம். சுங்கத்துக்காரன் திறந்து பார்த்த பிறகு சொன்னீங்கன்னா, அது குற்றம்."

ஆறு வருடமாக அவர் எங்கள் கிளையின் பொறுப்பு மேலாளர். பழைய மேலாளர் ஓய்வுபெற்ற அன்று, "புது ஆள் வர்ற வரைக்கும் நீ பார்த்துக்கோ" என்று சொல்லி உட்கார வைத்தார்கள். புது ஆள் வரவில்லை. பெயர்ப்பலகையில் இருந்த பொறுப்பு என்ற சொல்லும் போகவில்லை. பொறுப்பு முழுக்க இவருடையது, மேலாளர் என்பது மட்டும் யாரோ.

போன வருடம் அக்டோபரில் துபாய்த் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் மேலாளர் நாற்காலியில் உட்காருபவருக்கு எம்.பி.ஏ. பட்டம் வேண்டும். இல்லாதவர்களில் கிளைக்கு ஒருவரைக் கம்பெனியே படிக்க அனுப்பும். எங்கள் கிளையில் அது வகீஹ். அவருக்கு மூன்று படிப்புகளைக் கொடுத்திருந்தார்கள். விருப்ப வரிசையில் மூன்றையும் எழுதித் தாளை அனுப்ப வேண்டும். படிப்பு பிப்ரவரியில் தொடங்கும்.

முதல் படிப்பு இங்கேயே, வார விடுமுறை நாட்களான வெள்ளியும் சனியும் வகுப்பு, இரண்டு வருடம், ஆங்கிலத்தில். அடுத்ததும் இங்கேதான், வாரத்தில் மூன்று மாலை, அரபியில். மூன்றாவது கெய்ரோவில், முழுநேரம், ஒரு வருடம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு.

மூன்று வாரம் வகீஹின் மேஜையில் சரக்குத் தாள்களுக்குப் பக்கத்தில் அந்தப் படிப்புகளின் விளம்பர ஏடுகள் கிடந்தன. பாடத்திட்டத்தில் இருந்த எழுத்துப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். எல்லோரிடமும் ஆலோசனை கேட்டார். யார் சொன்னதையும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முதல் படிப்பின் வகுப்பில் பார்வையாளராகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதையை எனக்கு மூன்று தடவை சொன்னார்.

"ஒரு பழச்சாறு ஆலை. ஆரஞ்சு நேரத்துக்கு வர மாட்டேங்குது. என்ன செய்யலாம்னு பேராசிரியர் கேட்டார். ஒருத்தன் மென்பொருள்ங்கறான், இன்னொருத்தி ஊழியர் ஊக்கம்ங்கறா. நான் பின்னாடியிருந்து, 'ஐயா, அந்த ஆரஞ்சு எந்த வாசல் வழியா வருது'ன்னு கேட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. அப்புறம் அவர் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார். வாசல், எடைமேடை, வரிசை எல்லாத்தையும் வரைஞ்சு காட்டச் சொன்னார். அரை மணி நேரம் பேசினேன் மேடம் இனாஸ். ஒருத்தரும் எழுந்து போகல."

அவரை யாரும் பலகைக்குக் கூப்பிட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். அன்று எங்கள் யாருடைய தாளையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. முதல் விருப்பம் எது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கெய்ரோ அவருக்கு ஆகவே ஆகாது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று ஊரறிந்தது. எங்கள் கம்பெனியில் நாற்காலியை விட்டு எழுந்தவர் திரும்பி வரும்போது அதில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அந்த வேறொருவரும் தயாராக இருந்தார். மேல்மாடியில் இருக்கும் வட்டாரத் தலைவர் பஹ்கத் பாஷாவின் மச்சான் மகன், தாமர். மேலாளர் ஆவதற்கு வேண்டிய பட்டம் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. காலியான நாற்காலி மட்டும்தான் குறை.

"கெய்ரோவை முதல்ல போடு வகீஹ்," என்பார் பாஷா. "வெளிநாட்டு முத்திரை. ஒரே வருஷம். இங்க எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்."

"நீங்க பார்த்துக்குவீங்கன்னுதான் பாஷா பயமா இருக்கு," என்றேன் நான். அவர் சிரித்தார். வகீஹ் சிரிக்கவில்லை.

இன்னொரு காரணம் யாருக்கும் தெரியாது. எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஆனால் உங்களைக் காக்க வைக்க எனக்குப் பொறுமை இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி ஸஃபினாஸ் கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து அப்போது முழுகாமல் இருந்தாள். இதற்கு முன் மூன்று முறை கலைந்துபோயிருந்தது. படுக்கையை விட்டு அதிகம் எழக் கூடாது, படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் வீடு நான்காவது மாடி. மின்தூக்கி ரமலானிலிருந்து ஓடவில்லை. வகீஹ் தினமும் ஒரு மணிக்குப் போய் அவளுக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்குத் திரும்புவார். நாங்கள், "சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடற புது மாப்பிள்ளை" என்று கேலி செய்வோம். கேலியையெல்லாம் வாங்கிக்கொள்வாரே தவிர, விஷயத்தை வெளியே விடமாட்டார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. மூன்று முறையும் ஊருக்குச் சொன்ன மறுவாரமே போயிருக்கிறது. இந்தத் தடவை அவள் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை.

தாளை நிரப்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எது நல்லதோ அதன் பக்கம் மனத்தைத் திருப்பும்படி இறைவனிடம் கேட்கும் இஸ்திகாரா தொழுகையை முந்தின நாளே தொழுதிருந்தார். பேனாவைத் தாளில் இரண்டு முறை வீணாக ஓட்டிப் பார்த்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி எழுதினார். படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். நானும் படித்துப் பார்த்துவிட்டு, நகலெடுத்துத் துபாய்க்கு அனுப்பினேன். மூலத்தைக் கோப்பில் வைத்தேன். தொழுகையில் ஒரு குறையும் இல்லை.

நவம்பர் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதில் வந்தது. வாழ்த்துகள், தங்கள் முதல் விருப்பமே தங்களுக்குக் கிடைத்திருக்கிறது, கெய்ரோ, முழுநேரம். வியாழக்கிழமை தலைமையகத்திலிருந்து ரூலா அம்மையார் வருகிறார், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும். கையெழுத்துக்குப் பிறகு மாற்றம் கிடையாது.

வகீஹ் கடிதத்தோடு நேராக என் மேஜைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம் இனாஸ், நீங்க என்னத்தை அனுப்பினீங்க?"

"நீங்க குடுத்ததை."

"நான் குடுத்தது இது இல்லை."

"அப்படின்னா நானா உக்காந்து எழுதினேன்?"

"யாரோ மாத்தியிருக்காங்க. மேல்மாடியில யாராவது உங்ககிட்ட வந்து தாளைக் கேட்டாங்களா? உண்மையைச் சொல்லுங்க."

பதினான்கு வருடத்தில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. தாமருக்காக நான் தாளை மாற்றினேன் என்கிறார். எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்து, மூலத்தை அவர் முன்னால் விரித்தேன்.

"இது யாரு எழுத்து?"

"என்னோடது."

"படிங்க."

அவர் விரல் வைத்துப் படித்தார். "வெள்ளி சனி. மாலை. கெய்ரோ. சரியாத்தானே இருக்கு."

எனக்கும் சரியாகத்தான் தெரிந்தது. அவர்மேல் இருந்த கோபத்தை அப்படியே துபாய்மேல் திருப்பப் போனேன். அப்போதுதான் என் கண் கட்டங்களுக்கு மேலே இருந்த வரியில் விழுந்தது. ஆங்கில வரி. இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் முடிந்தது. அதன் கீழே பக்கத்தில் பக்கமாக மூன்று வெற்றுக் கட்டங்கள். எண் இல்லை, அம்புக்குறி இல்லை. அரபியிலும் எழுதலாம் என்று அடியில் ஒரு குறிப்பு. இவர் அரபியில் எழுதியிருந்தார். அரபி எழுதுகிற கை எங்கே தொடங்குமோ அங்கே தொடங்கியிருந்தார். வலது ஓரத்தில்.

இடது ஓரக் கட்டத்தில் விரலை வைத்து, மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினேன். கெய்ரோ. மாலை. வெள்ளி சனி.

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுங்கத் தாள்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் இருக்கும். இருபது வருடமாக எண்ணைப் பார்த்தே நிரப்பிப் பழகியவர். எண்ணில்லாத கட்டத்தில் கை அதன் வழக்கத்துக்குப் போய்விட்டது. எங்கள் நாட்டில் பள்ளி முடித்தவர் எல்லோரும் கல்லூரிக்காக விருப்பப் பட்டியல் எழுதியவர்கள்தான். முதலில் மனசில் இருப்பது, கடைசியில் வெறும் இடம் நிரப்பல். துபாயில் யாரோ ஒருவர் அந்த இடம் நிரப்பலை அவருடைய மனசு என்று படித்துவிட்டார்.

"யானைக்கும் அடி சறுக்கும் உஸ்தாத் வகீஹ்," என்றேன். கோபம் போய்விட்டிருந்தது. "இப்பவே துபாய்க்கு ஃபோன் பண்ணுங்க."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"யாருக்கும் தெரிய வேண்டாம். நான் கெய்ரோ போறேன்." கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "போன மாசம் கணக்குப் பிரிவு மதீஹா ஒரு தேதியை மாத்தி எழுதினதுக்கு அவளை அழ வெச்சேன். இப்ப நான் போய், ஒரு தாளை எந்தப் பக்கத்துலேருந்து நிரப்பறதுன்னு எனக்குத் தெரியலன்னு சொல்லவா? அப்புறம் பாஷா என்ன சொல்வார்? தாள் நிரப்பத் தெரியாதவனுக்கா மேலாளர் பதவின்னு கேப்பார். கேட்டா தப்பா?"

பாஷா கேட்பார்தான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் கெய்ரோ ரயில் நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் தாளையும் ஊன்றிப் படிக்கவில்லை. வேண்டுமென்றே ஓர் எண்ணைத் தப்பாக எழுதி நான் ஒரு கடிதம் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

புதன்கிழமை ஒரு மணிக்கு அவர் கிளம்பும்போது படிக்கட்டில் வழியை மறித்தேன்.

"கெய்ரோ போனா நாற்காலி போகும். அது உங்களுக்கே தெரியும். அப்படி என்ன ரோஷம்?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் பார்த்தார். யாரும் இல்லை.

"நாற்காலி போனா போகட்டும் மேடம் இனாஸ். ஸஃபினாஸ் முழுகாம இருக்கா. நாலாம் மாசம்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். செய்த கையோடு திட்டவும் தொடங்கினேன். "அவளை நாலாம் மாடியில தனியா விட்டுட்டா கெய்ரோ போகப் போறீங்க? உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"எனக்குத் தெரியாதா? மாத்தணும்னா ஏன்னு கேப்பாங்க. காரணம் சொன்னா ஊருக்கே தெரியும். பாஷா காதுக்குப் போகும். அந்த வீட்டுக் கண்ணு எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியும். மூணு தடவை புதைச்சாச்சு மேடம். நாலாவது தடவையும் நான் வாயைத் திறந்துதான் போச்சுன்னு இருக்கக் கூடாது."

"அப்ப ஸஃபினாஸ்கிட்ட என்ன சொன்னீங்க?"

"இன்னும் சொல்லல," என்றார். சூப்புக்கு வாங்கிய கோழியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை நவ்வா அடித்தது. எங்கள் ஊரில் குளிர்காலப் புயலுக்கு அதுதான் பெயர். துறைமுக வாய் மூடப்பட்டது. கப்பல் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. வேலை இல்லாததால் அலுவலகம் முழுக்க அங்கேயே இருந்தது. ரூலா அம்மையார் நனைந்த காலணியோடு வந்து சேர்ந்தார். ஜோர்டான்காரர், ஐம்பதை நெருங்கும் வயது, சிரிக்காத முகம். பஹ்கத் பாஷா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். கூடவே தாமர், ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடு. கையெழுத்தாகும் முன்பே இனிப்பு.

"மப்ரூக் வகீஹ்," என்று வாழ்த்தினார் பாஷா. "கெய்ரோக்காரனா ஆகப் போறே. எங்களை மறந்துடாதே."

ரூலா ஒப்பந்தத்தை மேஜைமேல் வைத்தார். வகீஹ் உட்கார்ந்தார். நான் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் நின்றேன். உள்ளே அந்த மூலத் தாள் இருந்தது. என் வாயில் சத்தியம் பூட்டிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது.

கையெழுத்துப் போடப் போகிறவர் கடைசிப் பக்கத்துக்குப் போவார். வகீஹ் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். விரல் வைத்து, வரி வரியாக. பாஷா கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது. விரல் அங்கே வந்து நின்றது. அவர் அதைத் தாழ்ந்த குரலில் படித்தார்.

"மேற்கண்டது என் முதல் விருப்பம் என்றும், விவரங்கள் யாவும் சரி என்றும் உறுதி கூறுகிறேன்."

பேனாவை எடுத்தார். தாளுக்கு மேலே பிடித்தார். இறக்கவில்லை.

"பேனா எழுதலையா?" என்றார் பாஷா. "என்னோடதைத் தரட்டுமா?"

வகீஹின் நெற்றியில் வேர்வை நின்றது, அந்தக் குளிரிலும். அவருடைய இருபது வருடமும் அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அவர் பொய்யான டிக்ளரேஷனில் ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை. கெய்ரோவுக்குப் போக அவர் துணிந்துவிட்டார். ஆனால் அந்த வரியின் கீழே பெயர் எழுத அவர் கை வரவில்லை.

"அம்மா," என்றார் ரூலாவைப் பார்த்து. "பெட்டியை இன்னும் திறக்கல இல்லையா?"

"எந்தப் பெட்டி?"

"நான் இன்னும் கையெழுத்துப் போடலன்னு சொல்றேன். அப்படின்னா இது திருத்தம்தான்." பேனாவைக் கீழே வைத்தார். "இந்த டிக்ளரேஷன்ல தப்பு இருக்கு."

"யாரோட தப்பு?"

"எழுதினவரோட தப்பு."

"எழுதினது யார்?"

"நான்."

மதீஹா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். நான் யாரும் கேட்காமலே கோப்பைத் திறந்து, மூலத்தை எடுத்து ரூலாவின் கையில் கொடுத்தேன். சத்தியத்தில் அது சேராது.

"அம்மா, அதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே கொஞ்சம் படிங்க," என்றார் வகீஹ்.

ரூலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வெள்ளி சனி," என்று படித்தார். "மாலை. கெய்ரோ." தாளைக் கீழே வைத்தார். "இதுல என்ன த..."

நிறுத்தினார். தாளை மறுபடியும் எடுத்தார். அவர் கண் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குப் போய், மறுபடியும் இடதிலிருந்து வலதுக்கு வந்தது.

"இதைக் கணினியில ஏத்தினவருக்கு அரபி தெரியாது," என்றார் மெதுவாக. "நான் பட்டியலை மட்டும்தான் பார்த்தேன்."

பாஷா சிரித்தார். "பார்த்தீங்களா அம்மா. மூணு கட்டத்தை வரிசையா நிரப்பத் தெரியல. இவர்தான் எங்க கிளைக்கு மேலாளர் ஆகணுமாம்."

வகீஹ் எதிர்பார்த்த அதே வாக்கியம். அவர் தலை குனிந்தது. ரூலா பாஷாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் இப்ப அந்தப் பக்கத்துலேருந்துதான் படிச்சேன். எனக்கு எந்தப் பதவி குடுக்கலாம்னு சொல்லுங்க." பிறகு தன் தோல்பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். மற்றக் கிளைகளின் தாள்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். அகபா. ஜித்தா. பெய்ரூட். முகம் கறுத்துக்கொண்டே போனது. "ஒன்பது கிளை. ஒருத்தர்கூட வந்து சொல்லல," என்றார், எங்களுக்கல்ல, தனக்கு.

வெளியே போய்த் துபாயோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். வகீஹுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வெள்ளி சனிப் படிப்புல இடம் முடிஞ்சுபோச்சு. இந்த வருஷம் ஒண்ணும் செய்ய முடியாது. மாலைப் படிப்புல ஓர் இடம் இருக்கு."

நடுக்கட்டம். எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதே இடத்தில் இருப்பது. வகீஹ் கண்ணை மூடித் திறந்தார். பலகை, வாசல், எடைமேடை எல்லாம் அந்த ஒரு நொடியில் போயின. "சரி," என்றார்.

"ஆனா கெய்ரோவுல உங்க பேரைக் குடுத்தாச்சு. தப்பா எழுதிட்டேன்னு மட்டும் போட்டா, 'அதுதான் பெரிய படிப்பாச்சே, போகட்டும்'னு சொல்லிடுவாங்க. ஏன் போக முடியாதுன்னு காரணம் வேணும். இங்க எழுதுங்க."

திருத்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. வகீஹ் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: மேஜைக்கும் பாஷாவுக்கும் நடுவில் போய் நின்றேன். நான் கொஞ்சம் அகலம், மறைப்புக்கு ஆவேன்.

அவர் இடது கையைக் குவித்து, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாமல் எழுதுகிற பிள்ளை போல, எழுதத் தொடங்கினார்.

"அப்படி என்ன ரகசியம்?" என்றார் பாஷா. "கெய்ரோன்னா பயமா? தள்ளு இனாஸ்." என் தோளுக்கு மேலாக எட்டி, வாய்விட்டே படித்தார். "மனைவி கர்ப்பமாக இருக்கிறார். நான்காம் மாதம். இதற்கு முன் மூன்று..."

அவர் குரல் அங்கே அறுந்தது.

வகீஹ் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு பயத்தை நான் மனித முகத்தில் கண்டதில்லை. அடிக்கப் போகிறாரா, அழப் போகிறாரா என்று தெரியவில்லை. எந்தக் கண்ணுக்கு நான்கு மாதம் ஒளித்து வைத்தாரோ, அந்தக் கண் அதைப் படித்துவிட்டது.

பஹ்கத் பாஷாவைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டவர் கிடையாது. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாஷா அல்லாஹ்," என்றார்.

கண்ணேறு படாமல் இருக்க எங்கள் ஊரில் சொல்லும் சொல் அது. நல்லதைக் கண்டவர் சொல்லியாக வேண்டும். சொன்னவர் கண்ணில் விஷம் நிற்காது. அவர் குனிந்து மரமேஜையில் மூன்று தட்டுத் தட்டினார். மறுபடியும் சொன்னார், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி. மதீஹா சொன்னாள். ரூலா சொன்னார். தாமர்கூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

"எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார் பாஷா.

"பதினொண்ணு," என்றார் வகீஹ். சொன்ன பிறகுதான் அழுதார்.

பாஷா அன்றோடு திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரமே மாலை வகுப்புக்குச் சீக்கிரம் கிளம்ப அனுமதி கிடையாது என்று கடிதம் அனுப்பினார். அதில் இரண்டு பிழை இருந்தது. வகீஹ் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். பிப்ரவரியில் வகுப்பு தொடங்கியது. பெயர்ப்பலகையில் 'பொறுப்பு' இன்னும் இருக்கிறது, படிப்பு முடியும் வரை இருக்கும். புதிய படிவங்களில் இப்போது கட்டத்துக்குக் கட்டம் எண் போட்டு வருகிறது.

ஏப்ரல் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் வகீஹ் தாடி மழிக்காத முகத்தோடு அலுவலகம் வந்து, என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். பிறப்புப் பதிவுப் படிவம். நிரப்பியிருந்தார்.

"மேடம் இனாஸ், ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

"நானா?"

"நீங்கதான். ரெண்டு பக்கத்துலேருந்தும்."

பதினான்கு வருடமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, அவர் படிப்பதைவிட மெதுவாகப் படித்தேன். குழந்தையின் பெயர், ஷாஹிந்தா வகீஹ் ஷஹாத்தா. தாயின் பெயர். தேதி. விலாசம்.

"வீட்டு எண்ணுக்கும் தெருவுக்கும் நடுவுல ஒரு கால்புள்ளி விட்டுப்போச்சு," என்றேன்.

அவர் தன் சிவப்புப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"போட்டுடுங்க," என்றார்.